டெண்டர் மேல்முறையீடும் பத்து நாள் கெடுவும்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



என்னைப் பேசச் சொன்னப்ப, கடன் வாங்கி மாடு வாங்கின கதை, தையல் மிஷின் கதை எல்லாம் மத்தவங்க சொல்லுவாங்க, நீ அந்த டெண்டர் கதையைச் சொல்லுன்னு தலைவி அக்கா சொன்னாங்க. அது ஜெயிச்ச கதை இல்லை. தோத்த கதை. அதுவும் என் கையால தோத்தது. அதனால கொஞ்சம் கூச்சத்தோடதான் நிக்கிறேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அரசுப் பயிற்சி நிலையத்துல ஒரு வருஷத்துக்குச் சாப்பாடு போடுற டெண்டர் வந்துச்சு. அறுபது பேருக்கு மூணு வேளை. மதிப்பு 22 லட்சம் ரூபாய்க்குக் கிட்ட. நம்ம ஊராட்சிக் கூட்டமைப்பு சார்பா போட்டோம். அப்ப நான்தான் செயலாளர். 22,000 ரூபாய் முன்வைப்புத் தொகை கட்டினோம். ஒன்பது பெண்களுக்கு வருஷம் முழுக்க வேலைங்கிற நம்பிக்கையில அண்டா, இட்லிக் கொப்பரை, பெரிய கிரைண்டர் எல்லாம் உள்கடன் 40,000 போட்டு முன்னாடியே வாங்கிட்டோம். அது எங்க அவசரம். அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

ஒரு புதன்கிழமை எனக்கு ரிஜிஸ்டர் தபால் வந்திருக்கு. நான் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தேன். என் மாமியார் கைநாட்டு வச்சு வாங்கி, "கவர்மெண்டு கடுதாசி, பத்திரமா இருக்கட்டும்"னு சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வச்சுட்டாங்க. வச்சதை மறந்தும் போனாங்க. சனிக்கிழமை படம் துடைக்கும்போதுதான் என் கண்ணுல பட்டுச்சு. தணிக்கை அறிக்கை இணைக்கப்படாததால் உங்கள் ஒப்பந்தப்புள்ளி நிராகரிக்கப்படுகிறதுன்னு எழுதியிருந்தது. எனக்கு உடம்பே ஆடிப்போச்சு. அந்த அறிக்கையை நானே ஜெராக்ஸ் எடுத்து, நானே வச்சுத் தச்சேன்.

ஞாயிறு கூட்டம் போட்டோம். திங்கள்கிழமை ஒரு வேன் பிடிச்சு கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போய் மனு கொடுத்தோம். ரசீது கொடுத்தாங்க. நம்ம வேலை முடிஞ்சுதுன்னு வர்ற வழியில கோயில்ல தேங்காய் கூட உடைச்சோம். அதுக்கப்புறம் ஒருத்தர் சொன்னார்னு தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டி, எங்களை ஏன் தள்ளினாங்க, மத்தவங்க என்ன விலை போட்டாங்கன்னு கேட்டு எழுதினோம். பதில் வரட்டும், ஆதாரத்தோட சண்டை போடலாம்னு உட்கார்ந்துட்டோம்.

தப்பு அங்கதான். அந்தத் தகவல் சட்டத்துல பதில் சொல்ல அவங்களுக்கு 30 நாள் இருக்கு. நமக்கு இருந்தது பத்து நாள்.

இது எங்களுக்குப் பிறகுதான் தெரிஞ்சது. நம்ம தமிழ்நாட்டுல டெண்டருக்குன்னே ஒரு சட்டம் இருக்கு. 1998-ல போட்ட வெளிப்படைத்தன்மைச் சட்டம். அதுல 11-வது பிரிவு மேல்முறையீடு. டெண்டர் போட்டவங்களுக்கு அந்த முடிவு சரியில்லைன்னு பட்டா, உத்தரவு கைக்கு வந்த நாள்லேர்ந்து பத்து நாளுக்குள்ள அரசாங்கத்துக்கு மேல்முறையீடு செய்யணும். அரசாங்கம்னா கலெக்டர் இல்லை. எந்தத் துறையோட டெண்டரோ அந்தத் துறைச் செயலாளர், சென்னையில தலைமைச் செயலகம். கலெக்டர்கிட்ட கொடுத்தது மனு. அது மேல்முறையீடு ஆகாது. மாமியார் கைநாட்டு வச்ச புதன்கிழமைதான் கைக்கு வந்த நாள், நான் பார்த்த சனிக்கிழமை இல்லை. புதனை விட்டுட்டு வியாழன்லேர்ந்து எண்ணினா அடுத்த வாரச் சனிக்கிழமையோட பத்து முடிஞ்சுபோச்சு. நாங்க அன்னைக்கு ஒரு வளைகாப்புக்குச் சமைச்சுக்கிட்டிருந்தோம்.

கலெக்டர் ஆபீஸ் மனுவுக்குப் பதில் வந்தப்ப இருபது நாளுக்கு மேல ஆயிடுச்சு. அரசுக்கு மேல்முறையீடு செஞ்சிருக்கணும், காலக்கெடு முடிஞ்சதுன்னு ரெண்டே வரி. அதை எடுத்துக்கிட்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். (பெண்களுக்கு அங்க வக்கீல் இலவசம். வருமானம் எவ்வளவுன்னு பார்க்க மாட்டாங்க. இது நிறையப் பேருக்குத் தெரியலை.) அங்க இருந்த வக்கீலம்மா, ஐகோர்ட்டுல ரிட் போடலாம், ஆனா ஏன் இவ்வளவு தாமதம்னு அங்கேயும் கேட்பாங்க, சட்டத்துல இருந்த வழியை ஏன் விட்டீங்கன்னும் கேட்பாங்கன்னு சொன்னாங்க. கூட்டத்துல வச்சோம். வேண்டாம்னு தீர்மானம் ஆச்சு.

தகவல் சட்டத்துப் பதில் அதுக்கப்புறம் வந்துச்சு. டெண்டர் திறந்த அன்னைக்கு எழுதின பட்டியல் நகல் அதுல இருந்தது. எங்க பேருக்கு நேரா, தணிக்கை அறிக்கை "உள்ளது"ன்னு போட்டிருந்தது. அந்தத் தாளை வச்சுக்கிட்டு நான் அழுதேன். ஒன்பது பேர் வீட்டுக்கும் போய் நானே சொன்னேன். ஒருத்தர் ரெண்டு மாசம் என்கிட்ட பேசலை.

வக்கீலம்மா சொல்லிக் கொடுத்ததும், பட்டுத் தெரிஞ்சதுமா சிலதைச் சொல்றேன். தீர்மான நோட்டுல எழுதிக்குங்க.

டெண்டர் திறக்கிற அன்னைக்குக் கட்டாயம் ஒரு ஆள் போய் உட்காரணும். டெண்டர் போட்டவங்க கூட இருக்கலாம், அது நம்ம உரிமை. யார் என்ன விலை, நம்ம தாள் எல்லாம் இருக்கான்னு அங்கேயே குறிச்சுக்கணும். நாங்க அன்னைக்கு பஸ் செலவைப் பார்த்துப் போகலை. போயிருந்தா, பின்னாடி வந்த அந்தப் பட்டியல் அன்னைக்கே என் நோட்டுல இருந்திருக்கும். கொடுக்கிற தாளுக்கெல்லாம் பக்க எண் போட்டு, ஒரு செட் நம்மகிட்ட வச்சுக்கணும். நிபந்தனை சரியில்லைன்னா, டெண்டர் திறக்கிறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டுடணும். டெண்டரே போடாதவங்க இந்த மேல்முறையீட்டுக்குப் போக முடியாது, அதையும் ஞாபகம் வச்சுக்குங்க.

கடுதாசி வந்தா கவரைத் தூக்கிப் போடாதீங்க. அதுமேலயே வந்த தேதியை எழுதி, காலண்டர்ல பத்தாம் நாளைச் சுழிங்க. ஞாயிறு, தீபாவளி, சாவு, எல்லாம் அந்தப் பத்துலதான் சேரும். அதனால ஏழாம் நாளுக்குள்ள முடிக்கணும்னு வச்சுக்குங்க. எல்லா ஆதாரமும் கிடைச்ச பிறகு போடலாம்னு காத்திருக்காதீங்க. கையில இருக்கிறதை வச்சுப் போட்டுட்டு, மத்ததைக் கேட்டு வாங்குங்க. வேலையை வேற ஆளுக்குக் கொடுக்கிறதை அதுவரைக்கும் நிறுத்தி வைங்கன்னும் அதே மனுவில கேட்கணும். நேர்ல கொடுத்து நகல்ல சீல் வாங்குறதுதான் நல்லது.

போன வருஷம் பக்கத்து ஊராட்சிக் கூட்டமைப்புக்கு இதே மாதிரி ஒரு நிராகரிப்பு வந்துச்சு. அவங்க செயலாளர் எனக்கு ராத்திரி போன் பண்ணினாங்க. "அக்கா, கடுதாசி வந்து ரெண்டு நாள்தான் ஆகுது"ன்னாங்க. எனக்கு அதுவே நிம்மதியா இருந்தது. மறுநாளே வக்கீலம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். ஆறாம் நாள் ராத்திரி அவங்க ரெண்டு பேர், நான் ஒருத்தி, சென்னை பஸ் ஏறினோம். நான் சென்னை பார்த்ததே அதுதான் முதல் தடவை. பார்த்ததுன்னா, கோட்டையோட தபால் பிரிவும் கோயம்பேடும்தான். ஏழாம் நாள் காலையில சீல் விழுந்துச்சு.

விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. மறுபடியும் மதிப்பீடு செய்யச் சொல்லி உத்தரவு வந்து, வேலை அவங்களுக்கே கிடைச்சது. எங்க அண்டா, கொப்பரை, கிரைண்டரை அவங்கதான் இப்ப மாசம் 1,500 ரூபாய் வாடகைக்கு எடுத்திருக்காங்க. அந்த 40,000-ல இன்னும் நாலு தவணை பாக்கி இருக்கு. பேசாம இருந்த அந்த அக்கா இப்ப அங்கதான் சமையலுக்குப் போறாங்க.