ராமன் பார்த்த தன் கண்

(மல்லேஸ்வரம் உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)



சர் சி.வி. ராமன் என்றால் 1930, நோபல் பரிசு என்பதோடு நிறுத்திவிடுகிறோம். இங்கே 'பஞ்சவடி' வீட்டைத் தாண்டி தினமும் வாக்கிங் போகிறோமே, அவர் கடைசிக் காலத்தில் எதை ஆராய்ந்தார் தெரியுமோ? மனிதக் கண்ணை! அதுவும் தம் கண்ணையே ஆய்வுக்கூடமாக வைத்துக்கொண்டு.

உபகரணம் ஒன்றும் பிரமாதமில்லை. பளிச்சென்ற வெள்ளைத் திரை, ஒரு வண்ணக் கண்ணாடி. கண்ணாடியைக் கண்முன் பிடித்து, திரையில் ஒரே புள்ளியைச் சிறிது நேரம் உற்றுப் பார்ப்பார். பிறகு சட்டென்று கண்ணாடியை எடுத்துவிடுவார். பார்வை மட்டும் நகரக்கூடாது. அந்தக் கணம் திரையில் ஒரு வண்ணச் சித்திரம் தோன்றி மறையும். அது திரையில் இருப்பதல்ல, பார்ப்பவரின் விழித்திரையே பெரிதாகித் தெரிகிறது என்றார் ராமன். எழுத்துப் படிக்க உதவும் நடுப்பகுதிகூட அதில் தனியாகத் தெரியுமாம். 1968-ல், எண்பதை எட்டும் வயதில், இதையெல்லாம் ஆங்கிலத்தில் புத்தகமாகவே போட்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நிறத்தை அறியக் கண்ணில் மூவகை உணர்விகள் உண்டு என்ற கொள்கையை அவர் ஏற்கவில்லை. ஆனால் 1964-லேயே அமெரிக்காவில் கூம்பு செல்களைத் தனித்தனியாக அளந்து, மூவகை உண்டு என்று காட்டிவிட்டார்கள். நம்மவர் என்பதற்காக மழுப்பக்கூடாது. பெரியவர் இதில் தோற்றார்.

எனக்கு அவர் செய்த உபகாரம் வேறு. இதைப் படித்த ஆசையில் நீல ஜெலட்டின் காகிதத்தோடு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி வெள்ளைச் சுவரைப் பார்த்தேன். வலது கண் சரி. இடது கண்ணால் பார்த்தால் பக்கத்து ஜன்னல் கம்பி வளைந்திருந்தது! காகிதத்தை எடுத்தும் வளைவு போகவில்லை. ஆத்துக்காரியைக் கூப்பிட்டு, "கம்பி வளைஞ்சிருக்கா பாரு" என்றேன். "நேராத்தானே இருக்கு!" என்றாள்.

டாக்டர் ஓ.சி.டி. படம் எடுத்தார். கண்ணுக்குள் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதைக் கொண்டு விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் இயந்திரம் அது. இயற்பியல்காரர்கள் மருத்துவத்துக்குக் கொடுத்த கொடை. நடுவில் நீர் கசிகிறது என்றார். கண்ணுக்குள் ஊசி போட்டுக் கசிவை நிறுத்தினார்கள். போன பார்வை முழுக்கத் திரும்பவில்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கையில் நல்ல கண் மற்றதன் குறையை மூடிவிடுமாம். மாதக்கணக்கில் எனக்குத் தெரியவேயில்லை.

ஆத்துக்குப் போனதும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி காலண்டர் கட்டத்தைப் பாருங்கள். அப்புறம் மற்றக் கண்ணால். சூரியனைப் பார்த்து மட்டும் எந்தப் பரீட்சையும் வேண்டாம். கோடு வளைந்தாலோ, நடுவில் மங்கினாலோ உடனே டாக்டரிடம் போங்கள். அடுத்த மாசம் பிள்ளை வரட்டும் என்று உட்காராதீர்கள். நான் அப்படித்தான் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன்.

காபி ஆறுகிறது என்று மாமிகள் ஜாடை காட்டுகிறார்கள்.