கடல் கடந்து வந்த குரத்தி

(மல்லாங்கிணற்றில் நிகழ்ந்த விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி என்னும் நான்கையும் தானங்களாக வகுத்தது சமணம். அந்நான்கனுள் கல்வியைச் சாத்திர தானம் என்றது. துறவியர் தங்கிய பள்ளியே மாணாக்கர் பயிலும் இடமுமாயிற்று. கல்விச்சாலைக்கு இன்றும் பள்ளி என்ற பெயரே வழங்குகிறது. இவ்வூருக்கு அணித்தாக, ஆவியூர்ப் பக்கத்தில் உள்ள குறண்டியில் ஒரு காலத்தில் திருக்காட்டாம்பள்ளி விளங்கியது. அங்கிருந்த ஆசிரியர்களின் பெயர்களும் அவர்தம் மாணாக்கர் பெயர்களும் மதுரைச் சமணர் மலைக் கல்வெட்டுகளில் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

ஆசிரியத் தொழில் ஆண்களுக்கு மட்டும் உரியதாக அன்று இருக்கவில்லை. கழுகுமலைப் பாறையில் மிழலூர்க் குரத்தி, திருச்சாரணத்துக் குரத்திகள் எனப் பெண் ஆசிரியர்கள் குறிக்கப்பெறுகின்றனர். குரவர் என்பதன் பெண்பாலே குரத்தி. வந்தவாசிக்கு அருகிலுள்ள விடால் என்னும் ஊரில் 9ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டு ஒன்று உண்டு. கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய 500 மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை அந்நாட்டார் ஏற்றதை அது கூறுகிறது. கற்பிக்க வந்தவரை ஊர் தாங்கியது. ஊரின் சோற்றை உண்டவர் ஊர்ப் பெண்மக்களுக்கு அறிவு தந்தார். குரத்தி என்ற அச்சொல்லுக்கு உரிமையுடைய ஓர் அம்மையார், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனிலிருந்து ஈழத்தீவுக்கு வந்தார். புளோரன்ஸ் ஃபார் என்பது அவர் பெயர்.

1860இல் பிறந்தவர் அவர். தந்தை வில்லியம் ஃபார் மருத்துவர். இறப்புக் கணக்குகளைத் திரட்டி ஆராய்ந்து நோய்களின் போக்கைக் கண்ட புள்ளியியல் அறிஞர். தம் நண்பரான புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரையே மகளுக்கு இட்டார். கல்லூரிப் படிப்பை விட்டபின் அம்மகள் சிறிது காலம் ஆசிரியப் பணி பார்த்தார். பின்னர் நாடகமேடை அவரை ஈர்த்துக்கொண்டது. 1894இல் பெர்னார்ட் ஷாவின் நாடகம் ஒன்றை இலண்டனில் அரங்கேற்றி, அதில் தாமும் நடித்தார். யேட்ஸின் கவிதைகளை நரம்பிசைக் கருவி ஒன்றை மீட்டிப் பண்போல ஓதுவது அவருடைய தனிக்கலை. ஷாவும் யேட்ஸும் பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர்கள். அத்தகைய வட்டத்தின் நடுவில் வாழ்ந்தவர் அவர் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

1902இல் சர் பொன்னம்பலம் இராமநாதன் இங்கிலாந்துக்குச் சென்று சொற்பொழிவுகள் ஆற்றினார். சைவ நெறியை ஆங்கிலத்தில் எடுத்துரைக்க வல்லவர். அவரைக் கேட்டோருள் ஃபார் அம்மையாரும் ஒருவர். தம் நாட்டுப் பெண்மக்களுக்கு ஒரு கல்விச்சாலை அமைக்க வேண்டும் என்னும் எண்ணத்தை இராமநாதன் வெளியிட்டபோது, இயன்ற வகையிலெல்லாம் துணைநிற்பதாக அம்மையார் வாக்களித்தார். கூட்டம் முடிந்ததும் பலரும் இவ்வாறு சொல்வதுண்டு. மறுநாளே மறப்பதும் உண்டு.

அக்கல்விச்சாலையின் தேவை யாதென அறிந்தால்தான் அவ்வாக்கின் எடை விளங்கும். யாழ்ப்பாணத்தில் பெண்கல்வியைத் தொடங்கியவர்கள் அமெரிக்க மிஷனரிமார். உடுவிலில் அவர்கள் 1824இலேயே பெண்களுக்கென உண்டுறைப் பள்ளி நிறுவினர். அத்தொண்டு பெரிது; அதனைக் குறைத்துக் கூறுவது நன்றியன்று. ஆயினும் சைவக் குடும்பத்துப் பெற்றோர் இருதலைக் கொள்ளி எறும்பாயினர். மகளுக்கு ஆங்கிலம் வேண்டுமெனில் அவள் வேற்றுச் சமயச் சூழலில் வளர வேண்டும்; அது வேண்டாவெனில் ஆங்கிலமும் இல்லை. கல்வியைத் தந்த கை வேறொன்றையும் எதிர்பார்த்தது. எதிர்பார்ப்பு ஏதுமின்றி ஆங்கிலம் கற்பிக்கத்தக்க பெண் ஆசிரியருக்கு இராமநாதன் எங்கே போவார்?

1912இல் பள்ளி உருவாகும் செய்தி ஃபார் அம்மையாருக்கு எட்டியது. பத்தாண்டுக்கு முன் சொன்ன சொல் அவருக்கு நினைவிருந்தது. தம் உடைமைகளை விற்றுவிட்டு, 52ஆம் அகவையில் கப்பலேறினார். இங்கே பலர் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கத் தொடங்கும் வயது அது!

மருதனார்மடத்தில் 1913இல் தொடங்கிய இராமநாதன் மகளிர் கல்லூரிக்கு அவரே முதல்வரானார். மல்லாங்கிணற்றார் அந்த ஊரைக் கண்டால் அயலூராக எண்ண மாட்டார்கள். ஆறில்லாத நாடு, கிணற்றை நம்பியே பயிர். திரும்பிய பக்கமெல்லாம் பனை. ஊர்ப்பெயரிலேயே கிணற்றைச் சுமப்போருக்கு அவ்வாழ்வின் அருமை தெரியும். இலண்டன் அரங்கின் விளக்கொளியில் நின்றவருக்கு அது எவ்வளவு வேற்றுலகமாக இருந்திருக்கும்!

அங்கே அவர் நடந்துகொண்ட முறையே இவ்வுரையின் உயிர்ப்பகுதி. ஆங்கிலேயர் ஆண்ட காலம் அது. ஆளும் இனத்துப் பெண்மணி ஒருவர், தமிழர் ஒருவர் நிறுவிய பள்ளியில், அவர் வகுத்த நோக்கத்திற்கு இசைந்து பணியாற்றினார். பள்ளியின் நிருவாக அடித்தளம் அவர் கையாலேயே அமைந்தது. எனினும் சைவப் பெண்களின் வழிபாட்டையோ வழக்கங்களையோ திருத்த அவர் முற்படவில்லை. தமிழர் மரபுகளை மதித்தார். அதனாலேயே பெற்றோர் நம்பினர், பள்ளியும் தழைத்தது. கற்பிக்க வந்தவர் கற்கவும் செய்தார்: தமிழ்ப் பாடல்களை ஆங்கிலத்தில் ஆக்கி யேட்ஸுக்கு மடலில் அனுப்பினார். ஆங்கிலம் கற்பிக்கச் சென்றவரிடமிருந்து தமிழ் ஐரிஷ் நாட்டுக் கவிஞரின் மேசைக்குச் சென்றது என்பது தமிழாசிரியர் எவருக்கும் இனிக்கும் செய்தி.

இக்காலத்தில் தீவுகளுக்கும் மலைநாடுகளுக்கும் சென்று சில வாரம் ஆங்கிலம் கற்பித்துத் திரும்பும் தன்னார்வலர் உலகெங்கும் உள்ளனர். அவர்தம் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் மாதத்துக்கொரு முகம் மாறும் வகுப்பில் மாணவர் எதனைப் பற்றிக்கொள்வர்? வந்தவருக்கு அது நினைவில் நிற்கும் பயணம்; இருப்பவருக்கோ அடிக்கடி அறுந்துபோகும் பாடம். ஃபார் அம்மையார் திரும்பிச் செல்லுதற்கு வீட்டையே வைத்துக்கொள்ளாமல் வந்தார். வந்தபின் தாயகம் திரும்பவும் இல்லை.

1916இல் மார்பில் கட்டி தோன்றியது. புற்றுநோய் எனத் தெரிந்து அறுவை மருத்துவம் செய்யப்பெற்றது. அதற்குள் நோய் பரவிவிட்டது. 1917 ஏப்ரல் 29 அன்று கொழும்பு மருத்துவமனையில் 56ஆம் அகவையில் உயிர் நீத்தார்.

அவர் மறைந்து சில ஆண்டுகளில், 1920இல், மாண்ட நண்பர்களை நினைந்து யேட்ஸ் நெடுங்கவிதை ஒன்று இயற்றினார். அதில் ஃபார் அம்மையாரும் இடம்பெறுகிறார். முகத்தில் முதற்சுருக்கம் கண்டு அஞ்சி, அழகு குன்றுவதை அறிந்தவர் எவரும் காணாதிருக்க வேண்டித் தொலைநாட்டில் பள்ளி நடத்தப் போனார் என்னும் பொருள்பட அக்கவிஞர் பாடுகிறார். அம்முடிவையும் எவரும் கவனியாத முடிவாகவே சித்திரிக்கிறார். இராமநாதனின் பெயர் கூட அதில் இல்லை. கற்றறிந்த இந்தியர் ஒருவர் என்ற அளவில் நின்றுவிடுகிறது.

பெருங்கவிஞரே ஆயினும் இவ்விடத்தில் அவர் நோக்குப் பிழைபட்டது என்றே சொல்ல வேண்டும். உதவுவதாக அம்மையார் சொன்னது 1902இல். அப்போது அவருக்கு அகவை 42, மேடையும் புகழும் கைவிட்டுப் போகாத காலம். சொன்ன சொல்லைக் காக்கப் போனவரை, முதுமைக்கு ஒளிந்தோடியவராகக் கண்டது நண்பர் கண். இலண்டனிலிருந்து பார்த்தால் மருதனார்மடம் ஒளிந்துகொள்ளும் மூலையாகத் தோன்றியிருக்கலாம். அங்கே ஆங்கில எழுத்துகளை முதன்முதலாகக் கூட்டிப் படித்த சிறுமிக்கு அதுவே உலகின் வாயில்.

எவரும் கவனியாத முடிவும் அன்று அது. அம்மையாரின் உடல் எரியூட்டப்பெற்றது. சாம்பலை எடுத்துச் சென்று களனி கங்கையில் கரைத்தவர், பத்தாண்டு காத்திருந்து அவரை வரவேற்ற சர் பொன்னம்பலம் இராமநாதனே.