படம் காட்ட யாரைக் கேட்பது?
(கோலியனூரில் பேசியதன் சுருக்கம்)

டி.வி.டி.யைக் காசு கொடுத்து வாங்கிவிட்டோம், தெருவில் திரை கட்டிக் காட்ட யாரைக் கேட்க வேண்டும் என்கிறீர்கள். டி.வி.டி. உங்களுடையது, ஊருக்குக் காட்டும் உரிமை படத்துக்குரியவருடையது.

1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, படம் வெளியான மறு வருஷ முதல் 60 வருஷத்திற்கு அவ்வுரிமை உண்டு. 2007-ல் வந்த 'பெரியார்' படத்திற்கும் 2067 முடிய அப்படியே. டிக்கட் வைக்காத அமெச்சூர் நாடகத்திற்கு விலக்குண்டு. மத ஸ்தாபனத்தின் நன்மைக்காக ஆடினாலும் உண்டு. சினிமாவுக்கோ, சாமி பெயரைச் சொன்னாலும் கிடையாது! மீறினால் 3 வருஷம் வரை சிறைவாசம்.

ஆகவே, ஊரும் தேதியும் குறித்து எழுத்து மூலமாகவே அனுமதி பெறுங்கள். உழைத்தவனுக்கு உரியதைக் கொடு என்று மேடையில் பேசிவிட்டு, அதே மேடையில் பிறர் உழைப்பை ஓசியாய்க் காட்டுவது நியாயமாகுமா?