புது அடுப்பு வைக்க முன்னம் மேடையும் காற்றுவழியும்

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



அடுப்பைப் பற்றிப் பேசத் தொழிற்சங்கம் எதற்கு என்று ஓர் அண்ணன் கேட்டார். பிரட்டுக்குப் போக முன்னம் ஒரு மணித்தியாலமோ இரண்டோ அடுப்படியில் நிற்கிறோம். கொழுந்து நிறுத்து வந்த பிறகு மறுபடியும் அதே அடுப்படி. மலையில் கொழுந்து எடுக்கும் கைக்குச் சம்பளம் கேட்கிற சங்கம், அந்தக் கைக்குச் சொந்தமான நெஞ்சுக்குள் என்ன போகிறது என்றும் கேட்கத்தானே வேண்டும்? வீட்டுக்குள் எரிக்கும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள்.

கேஸ் வாங்கலாமே என்பார்கள். 2022இல் பெரிய சிலிண்டர் 4,800 ரூபாவைத் தாண்டியது. அப்போது நமது நாட்சம்பளம் 1,000 ரூபா. நகரத்து ஆட்களே விறகு தேடிய காலம் அது. ஆகவே விறகு நம்மை விட்டு இப்போதைக்குப் போகாது. அதைப் புகையில்லாமல் எரிப்பது எப்படி என்றுதான் பார்க்க வேண்டும்.

இப்போது பல வீடுகளில் 'அனகி' அடுப்பு வாங்குகிறார்கள். சிங்களத்தில் அனகி என்றால் விலைமதிப்பற்றது என்று அர்த்தம். ஒரே வாய், இரண்டு பானை. முன்பானையைச் சுட்ட நெருப்பின் மிச்சச் சூடு பின்பானைக்குப் போகும். மூன்று கல் அடுப்பைவிட விறகு நன்றாக மிச்சம். ஆனால் வாங்கி வந்து பழைய மூலையில், வெறும் தரையில் வைத்துவிட்டு, ஒரு மாதத்தில் "இதுவும் புகைதான்" என்கிறார்கள். அடுப்பில் குறையில்லை. அது உட்கார இடமும் இல்லை, மூச்சுவிட வழியும் இல்லை.

முதலில் மேடை. பானைக்குள் எட்டிப் பார்க்கிற உயரத்தில், இரண்டு அடி, இரண்டேகால் அடி போதும். குனிந்து குனிந்து முதுகு போவதும் மிச்சம், தவழுகிற பிள்ளை நெருப்பில் கை வைப்பதும் தடுக்கப்படும். செங்கல் அல்லது உடைத்த கருங்கல்லால் கட்டுங்கள். ஆற்றில் எடுத்த உருண்டைக் கல்லை நெருப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடித்துத் தெறிக்கும். மேடையின் மேல் வெறும் சீமெந்தில் அடுப்பை வைத்தாலும் சீமெந்து வெடிக்கும். இரண்டு அங்குலம் காய்ந்த மணல் பரப்பி, அதன்மேல் செங்கல் அடுக்கி, அதற்குமேல் அடுப்பை வையுங்கள். அடுப்பு வாய்க்கு முன்னால் மேடை ஒன்றரை அடி நீண்டிருக்க வேண்டும். கொள்ளி நழுவினால் அங்கேயே விழட்டும்.

பிறகு அடுப்பைச் சுற்றி மண் பூச வேண்டும். களிமண் அல்லது புற்றுமண், கொஞ்சம் மணல், சாணம், பொடியாக வெட்டிய மானாப்புல். மண்ணுக்கு மண் பதம் மாறும். ஒரு உருண்டை பிடித்துக் காயவைத்து வெடிக்கிறதா என்று பாருங்கள். வெடித்தால் மணலைக் கூட்டுங்கள். இரண்டு அங்குலக் கனத்துக்குப் பூசி, நம் ஊர்க் குளிரில் பத்து நாளாவது காயவிட வேண்டும். முதல் மூன்று நாளும் சின்ன நெருப்புத்தான்.

பக்கத்துச் சுவர் பலகையா? ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். இடமில்லை என்று பலகையிலேயே தகரத்தை ஆணி அடித்து ஒட்டுகிறார்கள். தகரம் சூட்டை அப்படியே பலகைக்குக் கொடுக்கும். நாள்பட நாள்பட உள்ளே பலகை கருகி, ஒருநாள் தானாகப் பற்றும். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது இடைவெளி விட்டு, கீழும் மேலும் திறந்து விடுங்கள். காற்று ஏறிச் சூட்டைக் கொண்டுபோகும். லயத்தில் எல்லாருக்கும் ஒரே கூரை என்பதை மறக்க வேண்டாம். ஒரு காம்பராவில் பற்றினால் பன்னிரண்டு குடும்பமும் தெருவில்.

இனி காற்று. ஒரு கிலோ காய்ந்த விறகு முழுதாய் எரிய ஏறத்தாழ ஆறு கிலோ காற்று வேண்டும். நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதாவது நம் குசினிக்குத் தாராளமான காற்றுவழி வேண்டும். நாமோ குளிருக்குப் பயந்து ஓட்டையெல்லாம் சாக்கு வைத்து அடைக்கிறோம். வெள்ளைக்காரன் காலத்துப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் குசினியென்று ஒன்று இருக்கவில்லை. இஸ்தோப்பை அடைத்துத்தான் அடுப்படி ஆக்கினோம். இரட்டை லயத்தில் வெளிச்சுவரும் ஒன்றுதான்.

மேடைக்குக் கீழ்மட்டத்தில், வெளிச்சுவரில், ஆறு அங்குலச் சதுரமாக ஒரு துவாரம் வேண்டும். எலியும் பாம்பும் வராமல் கம்பிவலை அடியுங்கள், மழை அடிக்காமல் ஒரு சாய்ந்த தகரம் போடுங்கள். புகை போகிற வழி மேலே. அதைக் காற்று அடிக்கிற பக்கம் திறந்தால் புகை திரும்பி வந்து முகத்தில் அடிக்கும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குக் காற்று ஆனி, ஆடியில் அடிக்கும். பதுளை, ஊவாப் பக்கம் மார்கழி, தையில் வடகீழ்க் காற்று. மற்றத் தோட்டத்தைப் பார்த்துக் கட்டாதீர்கள், உங்கள் மலையில் மழை எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள்.

முடிந்தால் அடுப்புக்கு மேல் கூம்பு மாதிரித் தகரம் தொங்கவிட்டு, குழாய்ப் புகைக்கூடு வையுங்கள். கூரைக்குமேல் இரண்டு மூன்று அடி உயரட்டும், தலையில் தொப்பி வேண்டும். மரக்கை, வளையிலிருந்து நன்றாகத் தள்ளியே குழாய் போக வேண்டும். கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் நீங்களாக வாளால் அறுக்காதீர்கள். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது, பல வருடம் கழித்துப் புற்றுநோய் கொடுக்கும். குழாயைச் சுவர் வழியாகவே வெளியே எடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கரியைத் தட்டாவிட்டால் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும்.

அடுப்பு வாய் நிறைய விறகைத் திணிக்கிற பழக்கமும் போக வேண்டும். வாயின் பாதி காற்றுக்கு. கவ்வாத்து மிலாறு பச்சையாய் இருக்கும்போது ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். தண்ணீரைக் கொதிக்கவைத்த பிறகுதான் அது நமக்குச் சூடு தரும், அதுவரை புகைதான். மிலாறு கிடைத்தவுடன் வெட்டி, கூரைக்குக் கீழ் அடுக்கி, சில மாதம் காயவிட்டுப் பிறகு எரியுங்கள்.

இன்னொன்று. குளிருக்குக் கரித்தணலைச் சட்டியில் அள்ளி வைத்து, கதவை அடைத்துப் படுப்பதை எந்த வீட்டிலும் செய்யக் கூடாது. தணலில் புகை தெரியாது, ஆனால் காபனோரொட்சைட்டு வரும். மணமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆள் போய்விடும். தணலைச் சாம்பல் மூடி வெளியே வையுங்கள்.

சுவரில் துவாரம் வைக்க நீங்களாக இடிக்கப் போனால் தோட்ட நிர்வாகம் எழுத்துக் கொடுக்கும். ஆகவே லயத்துக்கு ஒரு கடிதம், வீட்டுக்கு ஒரு கையெழுத்து. கம்பிவலை, குழாய், செங்கல், மேசன் ஒருவர் என்று சாமானை விபரமாகக் கேளுங்கள். "வசதி செய்து தரவும்" என்று மட்டும் எழுதினால் பதிலும் அப்படித்தான் வரும். 7 பேர்ச் காணியில் புது வீடு கட்டும் இடங்களிலும் அத்திவாரம் வெட்டும்போதே அடுப்படி எங்கே, புகைக்கூடு எங்கே என்று படத்தில் பாருங்கள். வீடு கட்டிய பிறகு உடைப்பது இரட்டைச் செலவு.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் அடுப்படியின் நீளம், அகலம், வெளிச்சுவர் எந்தப் பக்கம், கூரை தகரமா அஸ்பெஸ்டஸா என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாத அம்மாமார் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுங்கள். தோட்டத் தலைவரிடம் கொடுத்தால் கடிதத்தோடு சேர்த்து அனுப்புவோம்.