அக்கரையில் ஒரு தலைநகர்

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாதிரி விழாவில் பேச வருகிறவர்கள் "நல்லாப் படிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது வழக்கம். அதை உங்கள் ஆசிரியர்கள் ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே நான் ஓர் ஊரின் கதையைச் சொல்கிறேன். ஊர் தூரத்தில் இல்லை. பினாங்குக் கடற்கரையில் நின்று நேர் மேற்கே பார்த்தால், கடலுக்கு அப்பால் ஏறக்குறைய 550 கிலோமீட்டரில் சுமத்திராவின் வடமுனை. அங்கே ஆச்சே மாநிலத்தின் தலைநகராக இருக்கிறது பண்டா ஆச்சே. ஆறு கடலில் சேருமிடத்தில் அமைந்த துறைமுக ஊர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் இரண்டரை லட்சம் பேர் வாழ்கிறார்கள்.

"அந்த ஊருக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது போலத் தெரிகிறது. சொல்கிறேன்.

முதலாம் இராசேந்திர சோழன் 1025-இல் கடல் கடந்து படை அனுப்பினான். அவன் வென்ற ஊர்களின் பெயர்களை அவனுடைய மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்கிறது. அதில் வரும் கடாரம் நம்முடைய கெடா என்பது உங்களுக்குத் தெரியும். அதே வரிசையில் இலாமுரிதேசம் என்று ஒரு பெயர் வருகிறது. அது இன்றைய பண்டா ஆச்சேயை ஒட்டிய கடற்கரைதான் என்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். நகரத்துக்குள்ளேயே நெயுசு என்னும் பகுதியில் சிதைந்துபோன பழந்தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைத்திருக்கிறது. இதை வைத்து நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. வாள் கொண்டு போனவர்கள் சில நாளில் திரும்பிவிட்டார்கள். துணி மூட்டையோடு போன வணிகர்கள்தாம் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். அங்கே வணிகம் செய்துவந்த முஸ்லிம் வணிகர்கள் பலர் வேறு துறைமுகம் தேடினார்கள். அப்போது தலையெடுத்தது ஆச்சே. சுல்தான் அலி முகாயத் ஷா அதை ஓர் அரசாக நிலைநாட்டினார். மிளகு, மிளகு, மிளகு! அந்தக் கறுப்பு மணிக்காகத் துருக்கியர், குஜராத்தியர், சீனர், டச்சுக்காரர் எல்லாரும் அங்கே வந்தார்கள். 1602-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கப்பற்படை அந்தத் துறைமுகத்துக்குத்தான், தங்கள் ராணியின் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள் துணி கொண்டுபோனார்கள். திரும்பும் கப்பல்களில் மிளகோடு சில வேளை யானைகளையும் ஏற்றி வந்தார்கள்.

1607 முதல் 1636 வரை ஆண்ட சுல்தான் இஸ்கந்தர் மூடாவின் காலத்தில் ஆச்சே உச்சத்தில் இருந்தது. ஆனால் அந்த உச்சத்துக்கு விலை கொடுத்தவர்கள் இந்தக் கரையில் இருந்தவர்கள். 1613-இல் ஜொகூர், 1617-இல் பகாங், 1619-இல் கெடா, 1620-இல் பேராக் என்று அவருடைய படை ஒவ்வொன்றாகத் தாக்கி, ஆயிரக்கணக்கானவர்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோனது. 1629-இல் மலாக்காவை முற்றுகையிட்டபோதுதான் அந்தப் படை பெருந்தோல்வி கண்டது.

பகாங்கிலிருந்து அப்படிக் கொண்டுபோகப்பட்ட அரச குடும்பத்துப் பையன் ஒருவன், பின்னாளில் இஸ்கந்தர் தானி என்ற பெயரில் ஆச்சேயின் சுல்தானாகவே ஆனான். பகாங்கிலிருந்து வந்த இளவரசி ஒருத்தியின் கதையும் உண்டு. அவள் பிறந்த ஊர் மலைகளை நினைத்து ஏங்கினாளாம். அவளுக்காக வெண்ணிறத்தில் ஒரு செயற்கைக் குன்று கட்டிக்கொடுத்தார்கள் என்பது மக்கள் சொல்லும் வரலாறு. குனோங்கான் என்னும் அந்தக் கட்டடம் இன்றும் நகரின் நடுவில் நிற்கிறது. ஊரைவிட்டு வந்த ஏக்கம் என்னவென்று நம்ம பாட்டன் பாட்டிகளுக்குத் தெரியும். அரண்மனையில் இருந்தாலும் லயத்தில் இருந்தாலும் அந்த ஏக்கம் ஒன்றுதான்.

மாணவிகளே, நீங்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1641 முதல் 1699 வரை 58 ஆண்டுகள் ஆச்சேயை அடுத்தடுத்து நான்கு பெண்கள் ஆண்டார்கள். முதலாமவர் சஃபியாத்துத்தீன். அவர் ஒருவர் மட்டுமே 34 ஆண்டுகள் அரியணையில் இருந்தார். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் படிப்பு" என்று யாராவது கேட்டால், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

பிறகு 1873-இல் டச்சுக்காரர்கள் படையெடுத்து வந்தார்கள். முதல் படையெடுப்பில் அவர்களுடைய தளபதி கோலர், பெரிய பள்ளிவாசலின் முற்றத்திலேயே சுடப்பட்டு இறந்தார். பள்ளிவாசல் தீக்கிரையானது. அடுத்த ஆண்டு அரண்மனை வீழ்ந்தது. டச்சுக்காரர்கள் ஊருக்குக் கூத்தாராஜா என்று பெயர் வைத்தார்கள். எரிந்துபோன பள்ளிவாசலைத் தாங்களே 1881-இல் கட்டி முடித்தும் கொடுத்தார்கள். ஆனாலும் மக்கள் பணியவில்லை. போர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. சுட் ஞாக் டியென் என்ற பெண்மணி, கணவர் போரில் இறந்த பிறகும் காட்டுக்குள் இருந்து படை நடத்தினார். டச்சுப் படையினர் சுமார் 2,200 பேரின் கல்லறைகள் இன்றும் அந்நகரில் உள்ளன. ஊருக்குப் பண்டா ஆச்சே என்ற பழைய பெயர் 1962-இல்தான் மறுபடியும் வந்தது.

அந்தப் போருக்குத் தப்பி வந்தவர்கள் கெடாவில் யான் பக்கம் குடியேறினார்கள். இன்றும் அங்கே கம்போங் ஆச்சே இருக்கிறது. பினாங்கில் ஆச்சே தெரு இருக்கிறது. நாம் எல்லாரும் பார்த்து ரசித்த கலைஞர் பி. ரம்லியின் தந்தையார் ஆச்சேயிலிருந்து வந்தவர். அக்கரையும் இக்கரையும் ஒரே வீட்டின் முன்வாசலும் பின்வாசலும் மாதிரிதான் இருந்திருக்கின்றன.

இனி நான் சொல்லவேண்டிய முக்கியமான செய்திக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை மணி 8.58. ஆச்சேக்கு அருகே கடலடியில் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. அரை மணி நேரத்துக்குள் கடல் பண்டா ஆச்சேக்குள் ஏறிவிட்டது. 2,600 டன் எடையுள்ள மின்நிலையக் கப்பல் ஒன்றை அலை தூக்கிக்கொண்டு போய், இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு உள்ளே வீடுகளுக்கு நடுவில் வைத்தது. ஒரு மீன்பிடிப் படகு ஒரு வீட்டின் கூரைமேல் போய் உட்கார்ந்தது. அதில் ஏறிக்கொண்ட 59 பேர் பிழைத்தார்கள். பெரிய பள்ளிவாசல் அசையாமல் நின்று, ஓடிவந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தது. இந்தோனேசியாவில் மாண்டவர்களும் காணாமற்போனவர்களுமாக 160,000 பேருக்கு மேல். சிரோன் என்ற ஒரே இடத்தில் 40,000 பேருக்கு மேல் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பெயர்கூட எழுத முடியவில்லை.

அந்த அலை அங்கேயே நிற்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து நாகப்பட்டினத்தில் ஏறியது. மூன்று மணி நேரத்துக்கு மேல் கழித்து, நண்பகல் தாண்டி, பினாங்கையும் கெடாவின் கோலா மூடாவையும் அடித்தது. நம் நாட்டில் 68 பேர் இறந்தார்கள். மூன்று மணி நேரம், ஐயா! ஒரு சினிமாப் படம் ஓடி முடிகிற நேரம். அவ்வளவு நேரம் இருந்தும் கடற்கரையில் நின்றவர்களிடம் "ஓடு" என்று சொல்ல ஆள் இல்லை.

ஆனால் ஓரிடத்தில் சொல்ல ஆள் இருந்தது. சிமெலுவே என்று ஒரு தீவு. நிலம் அதிர்ந்த இடத்துக்கு மிக அருகில் இருப்பது. சில நிமிடங்களில் அலை அங்கே வந்துவிட்டது. தீவில் இருந்தவர்கள் எழுபதாயிரத்துக்கு மேல். இறந்தவர்கள் ஏழே பேர்!

என்ன காரணம்? கருவியா? இல்லை. ஒரு சொல். 1907-ஆம் ஆண்டில் அந்தத் தீவைப் பெரிய அலை தாக்கிப் பலரைக் கொண்டுபோனது. தப்பியவர்கள் அந்த அலைக்கு ஸ்மோங் என்று பெயர் வைத்து, பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். "நிலம் பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், மீன் பொறுக்க நிற்காதே, மலைக்கு ஓடு." இவ்வளவுதான் பாடம். பாட்டி பேத்திக்குச் சொன்னாள். பேத்தி பாட்டியானபின் தன் பேரனுக்குச் சொன்னாள். 97 ஆண்டு கழித்து ஒருவர் "ஸ்மோங்!" என்று கத்தியதும் ஊரே மலையேறிவிட்டது.

பண்டா ஆச்சேக்கு என்ன குறை? சுல்தான்கள் இருந்தார்கள், அறிஞர்கள் இருந்தார்கள், பல்கலைக்கழகம் இருந்தது. 1394-ஐ ஒட்டி இதே போன்ற பேரலை அந்தக் கரையை அழித்ததென்று மண்ணைத் தோண்டிப் பார்த்த ஆய்வாளர்கள் 2019-இல் எழுதினார்கள். ஆறு நூற்றாண்டில் அந்த நினைவு வீட்டுப் பேச்சிலிருந்து அற்றுப்போயிற்று. நம் தமிழிலும் கடல்கோள் என்று ஒரு சொல் உண்டு. கடல் ஊரைக் கொண்டுபோவது என்று பொருள். நம் புலவர்கள் அதை அறிந்திருந்தார்கள், புத்தகத்தில் எழுதியும் வைத்தார்கள். ஆனால் நாகப்பட்டினத்துக் குப்பத்தில் எந்தத் தாயும் பிள்ளையிடம் "கடல்கோள் வருது, ஓடு" என்று சொல்லவில்லை. ஏட்டில் இருந்த சொல் நாக்கில் இல்லை. சிமெலுவேயில் ஏட்டில் இல்லாத சொல் நாக்கில் இருந்தது. வித்தியாசம் இவ்வளவுதான். அந்த வித்தியாசத்துக்கு எத்தனை உயிர் என்று எண்ணிப் பாருங்கள்.

அழிவிலும் ஒரு நன்மை பிறந்தது. 1976 முதல் நடந்து சுமார் 15,000 உயிர்களை வாங்கிய உள்நாட்டுச் சண்டையை, அலை வந்த மறு ஆண்டே, 2005 ஆகஸ்டு 15-இல் இரு தரப்பும் ஒப்பந்தம் செய்து முடித்துக்கொண்டன. 2009-இல் நகரில் பேரலை நினைவுக் காட்சியகம் திறந்தார்கள். மறுபடி அலை வந்தால் மக்கள் ஏறிக்கொள்ளும்படியே அதைக் கட்டியிருக்கிறார்கள். நினைவுச் சின்னம் என்றால் அப்படி இருக்கவேண்டும்!

பெற்றோர்களே, "நாங்க படிக்காதவங்க, புள்ளைக்கு என்னத்தச் சொல்லித் தர்றது" என்று நீங்கள் சொல்வதுண்டு. சிமெலுவேயில் உயிரைக் காப்பாற்றியவர்கள் பட்டம் வாங்கியவர்கள் அல்லர், பாட்டிமார்கள். உங்களிடமும் சொல்வதற்கு இருக்கிறது. எந்த ஆண்டு வெள்ளம் எந்த லயம் வரைக்கும் வந்தது, எந்த ஓடை மழைக்காலத்தில் ஆளை இழுக்கும், ரப்பர் போய்ச் செம்பனை வந்த கதை, யார் கூடி இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கம்பம் நட்டார்கள் என்ற கதை. எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. அங்கிருந்தவர்களோடு கதையும் போய்விட்டது. இராத்திரி சாப்பிட்டபின் பத்து நிமிடம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் நிறுத்திவிட்டுத் தமிழில் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேலை. நாளைக்கே ஒரு புது நோட்டை எடுத்து, தாத்தா பாட்டி சொல்வதை எழுதி வையுங்கள். எழுதியதோடு நிறுத்தாமல் தம்பி தங்கைக்குச் சொல்லிக் கொடுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: கடற்கரையில் நிற்கும்போது நிலம் வெகுநேரம் ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடவேண்டும். முதல் அலை போனதும் திரும்பக்கூடாது. அடுத்தது பெரிதாக வரலாம்.

பரிசு பெறும் பிள்ளைகளுக்கும், அவர்களை உருவாக்கிய ஆசிரியர்களுக்கும், வியர்வை சிந்தி அனுப்பிவைத்த பெற்றோர்களுக்கும் என் வாழ்த்துகள். உங்கள் பள்ளி வளர்க!