அந்தப் பொத்தானை அழுத்தும் முன்



செய்தி படிக்கவோ, தேர்வு முடிவு பார்க்கவோ, துணி வாங்கவோ செல்போனில் ஓர் இணையதளத்தைத் திறக்கிறோம். உடனே ஒரு பெட்டி வந்து திரையை மறைக்கிறது. குக்கிகளை ஏற்கிறீர்களா என்று கேட்கிறது. பளிச்சென்று தெரியும் 'அக்செப்ட் ஆல்' பொத்தானை அழுத்திவிட்டு உள்ளே போய்விடுகிறோம். எதற்குச் சம்மதம் சொன்னோம்? அதைப் பற்றி இன்று சற்றே சிந்திப்போம்.

குக்கி என்பது நாம் பார்க்கும் தளம் நமது பிரவுசரில் எழுதி வைக்கும் ஒரு சிறு குறிப்பு. 1994-ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனப் பொறியாளர் லூ மொன்டுல்லி இதை உருவாக்கினார். அதற்கு முன், ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால், வந்திருப்பவர் அதே ஆள்தான் என்று தளத்துக்கு எளிதில் தெரியாது. வாங்குவதற்காக எடுத்து வைத்த பொருளை அது நினைவில் வைக்க ஒரு வழி தேவைப்பட்டது. நல்ல நோக்கம்தான். மளிகைக்கடை அண்ணாச்சி நம் முகத்தை நினைவில் வைத்திருப்பதைப் போன்றது அது.

ஆனால் ஒரு தளத்தில் தெரியும் விளம்பரங்களைப் பெரும்பாலும் வேறொரு நிறுவனமே அனுப்புகிறது. விளம்பரத்தோடு சேர்த்து அந்த நிறுவனமும் தன் குக்கியை வைத்துவிடுகிறது. அதில் நம் பெயர் இருக்க வேண்டியதில்லை. ஓர் எண் போதும். அடுத்து நாம் மருந்துக்கடைத் தளத்துக்குப் போனாலும், நகைக்கடன் பற்றிப் பார்த்தாலும், அதே நிறுவனத்தின் விளம்பரம் அங்கே இருந்தால் அந்த எண்ணை அது படித்துக்கொள்ளும். அண்ணாச்சி கடை வாசலில் நின்ற ஒருவர், கையில் நோட்டோடு தெருத்தெருவாக நம் பின்னாலேயே வருவதைப் போன்றது இது.

வந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். வீட்டுக்கு ஒரே செல்போன் வைத்திருக்கும் குடும்பங்களை நினைத்துப் பார்ப்போம். பிள்ளை வரத்துக்கு என்ன சிகிச்சை என்று மருமகள் தேடியிருப்பார். கடனை அடைக்க வழி தேடியிருப்பார் தந்தை. குடியை விட முடியுமா என்று மகன் தேடியிருப்பான். மறுநாள் போனை வேறொருவர் எடுக்கும்போது அதே சங்கதி விளம்பரமாக வந்து நிற்கிறது. அவர்கள் மனம் திறந்து சொல்ல நினைத்திருந்ததை யாரோ முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள்.

ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதைக் குரு எக்காரணம் கொண்டும் வெளியிடக் கூடாது என்பது நமக்குத் தெரியும். நம்பிச் சொன்னது சொன்ன இடத்திலேயே நிற்க வேண்டும். அந்த மரியாதை இணையத்திலும் மனிதருக்கு உரியதே.

சட்டமும் இதை ஏற்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நமது உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அதற்கு ஈடாக எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. பிரான்சில், ஏற்க ஓர் அழுத்து, மறுக்கப் பல அழுத்து என்று வைத்திருந்ததற்காகக் கூகுளுக்கு 15 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

நாம் செய்யக்கூடியது என்ன? பெட்டி வந்ததும் 'ரிஜெக்ட் ஆல்' இருக்கிறதா என்று தேடுவோம். பல தளங்களில் அது மங்கலாகவோ, அடுத்த பக்கத்திலோ இருக்கும். பிரவுசரின் செட்டிங்ஸில் 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்' என்பதைத் தடுத்து வைப்போம். பெரும்பாலான தளங்கள் வழக்கம்போலவே இயங்கும். பழைய குக்கிகளை அவ்வப்போது அழிப்போம். பாஸ்வேர்டை மறுபடி போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நம்மிடமும் பிறருடைய விவரங்கள் உண்டு. பங்குக் குடும்ப அட்டை, அன்பியக் கூட்டத்தின் போன் நம்பர்கள், திருமண ஓலைப் பதிவுகள். சீட்டு பிடிப்பவரோ, தேர்தலுக்கு நிற்பவரோ, பள்ளிக்கு ஆள் சேர்ப்பவரோ கேட்டால், அவற்றை உரியவரிடம் கேட்காமல் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. பிறர் நமக்குத் தர வேண்டும் என்று எதிர்பார்க்கும் மரியாதையை நாம் முதலில் தருவோம்.

இன்று மாலை பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்த செட்டிங்ஸை ஒருமுறை திறந்து பாருங்கள். பெரியவர்களுக்கு அவர்கள் சொல்லித் தருவார்கள். இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிறைவதாக.