கடைதல் என்னும் வினை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பெரிய மார்க்கெட்டில் மரச்சாமான் விற்கும் கடையொன்றின் முன் ஒரு மூதாட்டி மத்து வாங்கும் காட்சி, இங்கே அமர்ந்திருக்கும் பலருக்கும் பழகியதாக இருக்கும். அவர் எடுத்த எடுப்பில் விலை கேட்பதில்லை. மத்தின் தண்டை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து முன்னும் பின்னுமாக உருட்டிப் பார்க்கிறார். தண்டு நேராக இருந்தால் தலை ஓரிடத்திலேயே நின்று சுழலும். சற்றுக் கோணியிருந்தாலும் தலை தள்ளாடும். தள்ளாடினால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார். அரை நிமிடமும் ஆகாத இந்தச் சோதனைக்கு எந்த மத்தும் தப்புவதில்லை. மரக் கடைசலைப் பற்றிய இவ்வுரை அந்த மூதாட்டியின் உள்ளங்கையிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

மத்து, தயிரைக் கடைவதற்கு உரியது. அந்த மத்தே பட்டறையில் கடையப்பட்டது. கடையும் கருவிக்கும், அக்கருவியை ஆக்கும் தொழிலுக்கும் தமிழ் ஒரே வினைச்சொல்லை வைத்திருக்கிறது. பாற்கடலைக் கடைந்ததும் அதே சொல். கட்டில் காலைக் கடைந்ததும் அதே சொல். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்நகரில் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சொல்லும் உண்டு. பிரெஞ்சு மொழியில் இத்தொழிலுக்குரிய வினை ‘தூர்னே’. திருப்புதல், சுழற்றுதல் என்பதே அதன் பொருள். ஆங்கிலத்திலும் அவ்வாறே. ஐரோப்பிய மொழிகள் மரம் சுழல்வதைக் கண்டு பெயரிட்டன. தமிழோ, சுழற்சியால் உள்ளிருந்து ஒன்று திரண்டு வெளிப்படுவதைக் கண்டு பெயரிட்டது.

பழைய கடைசல் பொறியைக் கண்டவர்க்கு இந்தச் சொல்லொற்றுமை வியப்பளிக்காது. மின்சாரம் வருவதற்கு முன், இரண்டு முனைகளுக்கு நடுவே பொருத்திய மரத்தில் கயிற்றைச் சுற்றி, ஒருவர் அதன் இரு நுனிகளையும் மாறி மாறி இழுப்பார். மற்றொருவர் உளியைப் பிடிப்பார். மரம் ஒருமுறை உளியை நோக்கிச் சுழலும். மறுமுறை உளியை விட்டு விலகிச் சுழலும். நோக்கி வரும்போது மட்டுமே உளி சீவும். விலகும்போது உளி சற்றே பின்வாங்கிக் காத்திருக்கும். தூணில் கட்டிய மத்தைக் கயிறிட்டு இழுத்து மோர் கடைந்த வீடுகளில் நிகழ்ந்ததும் இதே அசைவுதான். இன்று மோட்டார் ஒரே திசையில் இடைவிடாது சுழற்றுகிறது. கயிறு போய்விட்டது; சொல்லில் மட்டும் அந்தக் கயிறு இன்னும் சுற்றியிருக்கிறது.

இலக்கியத்திலும் இவ்வுருவங்கள் புதியவை அல்ல. நக்கீரரின் நெடுநல்வாடை, பாண்டிமாதேவியின் கட்டிலை வருணிக்கும்போது அதன் கால்கள் குடம்போலத் திரண்டிருப்பதையும், அடிப்பகுதி உள்ளிப்பூண்டின் திரட்சியை ஒத்திருப்பதையும் சொல்கிறது. அக்கால்கள் எக்கருவியால் ஆயின என்ற ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். குடமும் பூண்டும் இன்றும் கட்டில் கால்களிலும் தொட்டில் கம்புகளிலும் கடைசல்காரரின் உளி விரும்பி நாடும் வடிவங்கள்.

தொழிலாக அன்றி, விருப்பத்திற்காக மரம் கடைவோரும் நெடுங்காலமாக உண்டு. ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் தம் அரண்மனையில் கடைசல் அறை ஒன்றை வைத்திருந்தார். அவர் காலத்துக் கடைசல் பொறிகள் இன்றும் அந்நாட்டு அருங்காட்சியகத்தில் உள்ளன. இக்கலை பற்றிய முதல் விரிவான நூலை 1701இல் பிரான்சின் லியோன் நகரில் வெளியிட்டவர் சார்ல் புளுமியே என்னும் துறவி. அவர் தாவரவியல் அறிஞரும் ஆவார். புதுவையின் தோட்டங்களிலும் கோயில் வளாகங்களிலும் வெண்மையும் மஞ்சளுமாகப் பூத்து உதிரும் ஈழத்தலரிக்குத் தாவரவியலார் இட்ட ‘புளுமேரியா’ என்ற பெயர் அவருடைய பெயரிலிருந்து பிறந்ததே. அந்த மரத்தடியில் நடப்பவர் அறியாமலேயே ஒரு கடைசல்காரரின் பெயரை மிதித்துச் செல்கிறார்.

இனி, இந்நகரில் விருப்பத்திற்காக மரம் கடையும் ஒருவரின் வார இறுதியைக் கற்பனையில் காணலாம். அவர் அலுவலகம் ஒன்றில் எழுத்தர் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டின் பின்கட்டில் தகரக் கொட்டகை. அதில் அரைக் குதிரைத்திறன் மோட்டார் பூட்டிய சிறிய லேத். மூலையில் ஒரு பூவரசுத் துண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்த இரவில் முறிந்த கிளை அது. வெட்டுவாய் வழியே ஈரம் விரைந்து வெளியேறினால் மரம் வெடிக்கும் என்பதால், இரு முனைகளிலும் மெழுகு பூசி ஓராண்டுக்கு மேல் நிழலில் காயவைத்திருக்கிறார். ஓர் அங்குலக் கனத்திற்கு ஓராண்டு என்பது பட்டறைகளில் வழங்கும் பழைய கணக்கு. அந்தத் துண்டில் மூடியுள்ள குங்குமச் சிமிழ் ஒன்றைக் கடைவது அவர் எண்ணம்.

சனிக்கிழமை காலை அவர் பெரிய மார்க்கெட்டுக்குப் போகிறார். உப்புத்தாளும் அரக்கும் சுற்றுவட்டாரக் கடைகளில் வாங்கிக்கொண்டு, பூக்கடைகளின் பக்கம் சென்று தாழை மடல் கிடைக்குமா என்று கேட்கிறார். பூவை விட்டு மடலைக் கேட்பவரைப் பூக்காரர் விநோதமாகப் பார்க்கிறார். அவர் கேட்பதில் காரணம் உண்டு. சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசலில் எழும் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் படியும். அந்தப் பூச்சைச் சமமாகப் பரப்பி மெருகேற்ற, கர்நாடகத்தின் சென்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் எட்டிகொப்பாகாவிலும் கடைசல்காரர்கள் கையாள்வது காய்ந்த தாழை மடலையே. கவிஞர்கள் மணத்திற்காகப் பாடிய தாழையைக் கடைசல்காரர் மெருகுக்காகக் கொள்கிறார்.

பிற்பகலில் வேலை தொடங்குகிறது. மரத்துண்டு முதலில் உருண்டையாக இல்லாததால் சுழலும்போது அதிர்கிறது. ஆகவே வேகம் குறைவாக வைக்கப்படுகிறது. உளியின் வாயை நேரே கொடுக்கக் கூடாது. உளியின் சாய்ந்த முதுகை முதலில் சுழலும் மரத்தில் தொட வைத்து, பிறகு பிடியை மெல்ல உயர்த்தி, வாயை மரத்திற்கு அறிமுகம் செய்ய வேண்டும். அந்த ஒழுங்கை மறந்தால் மரம் உளியைக் கவ்விக்கொள்ளும். ஒரு நொடியில் துண்டு பிய்ந்து முகத்தை நோக்கி வரும். ஒழுங்காகச் செய்தால் சீவல் நீண்ட நாடாவாகச் சுருண்டு தோளின்மேல் விழும். மாலைக்குள் சிமிழின் புறவடிவம் அமைகிறது. மெல்லிய கழுத்து, திரண்ட வயிறு, தாமரை மொட்டுப் போன்ற மூடி. வீட்டார் வந்து பார்த்துப் பாராட்டுகிறார்கள். அன்று இரவு அவர் நன்றாக உறங்குகிறார்.

ஞாயிற்றுக்கிழமை சிமிழின் உட்புறம் குடையப்படும் நாள். புறத்தைக் கடையும்போது கண் வழிகாட்டும். அகத்தைக் குடையும்போது கண்ணுக்கு வேலை குறைவு. உளி இருளுக்குள் இருக்கிறது. செவியும் விரல் நுனியுமே துணை. சுவர் மெலிய மெலிய ஓசை மாறுகிறது; கனத்த ஒலி மெல்லக் கூர்மையடைகிறது. அந்த மாற்றத்தை அவர் கேட்கத்தான் செய்கிறார். ஆனால் முந்திய நாள் பாராட்டுப் பெற்ற புறவடிவத்தின் நினைப்பில், இன்னும் சிறிது, இன்னும் சிறிது என்று குடைகிறார். கழுத்து அளவுக்குமீறி மெல்லியதாக இருந்ததை நேற்று எவரும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. உளி சுவரைத் துளைத்துப் புறத்தே எட்டிப் பார்க்கிறது. மோட்டார் நிறுத்தப்படுகிறது.

அவர் முன் இப்போது இரண்டு வழிகள். துளையை மரத்தூளும் பசையும் கலந்து அடைத்து, அதன்மேல் செவ்வரக்கைக் கனமாகப் பூசி, அலமாரியில் வைத்துவிடலாம். வருவோர் எவரும் அறியப் போவதில்லை. அல்லது அடுப்பில் போடலாம். அவர் அடுப்பில் போடுகிறார். திங்கட்கிழமை வழக்கம்போல் அலுவலகம் செல்கிறார். போனவை இரண்டு நாட்களும் ஒரு பூவரசுத் துண்டும் மட்டுமே.

இந்த இடத்தில் நெல்லைச் சீமையின் அம்பாசமுத்திரத்தை நினைக்க வேண்டியிருக்கிறது. தாமிரபரணிக் கரையிலுள்ள அவ்வூரின் மரச் செப்புச் சாமான்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ச் சிறுமியரின் விளையாட்டு அடுக்களையை நிறைத்தவை. அடுப்பு, பானை, குடம், அம்மி, திரிகை என ஒரு முழுக் குடித்தனம் ஓலைப்பெட்டிக்குள் அடங்கிவிடும். மஞ்சள் கடம்பு முதலிய மரங்களில் கடைந்து அரக்கில் வண்ணமேற்றிய அச்செப்புகளைப் பிளாஸ்டிக் பொம்மைகள் வந்து பின்னுக்குத் தள்ளின. இந்தத் தொழிலை நம்பி வாழ்பவர் ஒருநாளில் பல உருப்படிகளை முடித்தாக வேண்டும். ஒன்று பிய்ந்தால் கூலியில் ஒரு பகுதி பிய்கிறது. எனவே அவர் கைக்குத் தவறு செய்யும் உரிமையே இல்லை. ஒரே அளவில் பத்துக் குடங்களை அளவுகோல் வைக்காமல் கடையும் அந்தக் கை, தவறு செய்ய வசதியில்லாத வாழ்வில் பழகிய கை.

எட்டிகொப்பாகாவில் சி. வி. ராஜு என்பவர், வேதிச் சாயங்கள் புகுந்த இத்தொழிலில் தாவரச் சாயங்களை மீண்டும் நிலைநிறுத்தப் பல்லாண்டு உழைத்தார். அவ்வூர்ப் பொம்மைகளுக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. குழந்தை வாயில் வைக்கும் பொருளில் நஞ்சு இருக்கக் கூடாது என்பது அத்தொழிலின் அடிப்படை அறம். குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார் காட்டும், தச்சன் செய்த சிறு தேரை ஏறிச் செல்ல இயலாவிட்டாலும் இழுத்தே மகிழும் சிறுவர்கள் முதல் இன்றைய குழந்தைகள் வரை, மரத்தொழிலாளர் பதில் சொல்ல வேண்டிய இடம் குழந்தையின் கைதான்.

விருப்பத்திற்காகக் கடைபவருக்கும் தொழிலாகக் கடைபவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. பின்னவர் விற்றாக வேண்டும். முன்னவர் விற்க வேண்டியதில்லை. ஆகவே கெட்டுப்போனதை வைத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. அடுப்பில் போடும் உரிமை அவருக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். அதைப் பயன்படுத்தாமல், துளையை அடைத்து அரக்குப் பூசி அலமாரியில் வைப்பாரானால், அம்பாசமுத்திரத்துக் கைக்கு வாய்க்காத ஒரு சுதந்திரத்தை அவர் வீணாக்கியவர் ஆகிறார்.

இதைக் கவிஞர் அவையில் சொல்ல நேர்ந்ததற்குக் காரணம் வெளிப்படை. தமிழில் கவிதையைத் தொழிலாகக் கொண்டு உண்பவர் மிகச் சிலர். பாரதிதாசன் இந்நகரில் ஆசிரியராகப் பணிபுரிந்துகொண்டே எழுதினார். இந்த வட்டத்தின் உறுப்பினர்களும் ஆசிரியர்கள், எழுத்தர்கள், வணிகர்கள், இல்லத்தரசிகள், ஓய்வு பெற்றோர். பத்தாண்டுகளாக ஞாயிறு மாலைகளில் கூடியவர்கள். கவிதையைப் பொறுத்தவரை அனைவரும் வார இறுதிக் கடைசல்காரர்களே. எவரும் இவர்களிடம் இத்தனைக் கவிதை தர வேண்டும் என்று கணக்குக் கேட்பதில்லை. அப்படியிருந்தும் மலர்களிலும் தொகுப்புகளிலும் துளையை அடைத்து அரக்குப் பூசிய சிமிழ்கள் வந்துகொண்டே இருக்கின்றன. முதல் வரி பாராட்டுப் பெற்றது என்பதற்காகவே முழுக் கவிதையும் அச்சேறுகிறது. கழுத்து மெல்லியது என்று சொல்ல வேண்டிய நண்பர், வீட்டாரைப்போல் பாராட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

உரோமானியக் கவிஞர் ஹொராஸ் தம் கவிதைக்கலை நூலில், சரியாகக் கடையப்படாத செய்யுளை மீண்டும் பட்டடைக்கு அனுப்ப வேண்டும் என்னும் கருத்தைச் சொல்கிறார். கடைசலையும் கொல்லன் பட்டடையையும் ஒரே மூச்சில் சொன்னது உரையாசிரியர்களுக்கு நெடுங்காலம் இடர் தந்தது. இரும்பை மீண்டும் காய்ச்சி அடிக்கலாம். மரத்திலிருந்து சீவியது திரும்ப ஒட்டாது. செய்யுள் மரமா, இரும்பா? இரண்டின் இயல்பும் அதற்கு உண்டு என்றே சொல்லத் தோன்றுகிறது. நீக்குவதால் உருப்பெறும் வகையில் அது மரம். நீக்கிய சொல்லை மறுநாள் திரும்ப வைத்துப் பார்க்கலாம் என்ற வகையில் அது இரும்பு. மரம் கடைபவருக்கு வாய்க்காத இந்த வசதி கவிஞருக்கு உண்டு. ஆகவே துளையோடு ஒரு கவிதையை வெளியிடுபவர்க்குச் சாக்குச் சொல்ல இடம் இன்னும் குறைவு.

பத்தாண்டு நிறைவு என்பது வாழ்த்துக்குரியது. இவ்வேளையில் வட்டத்தின் முன் ஒரே ஒரு விண்ணப்பம். இனிவரும் கூட்டங்களில், படிக்கப்படும் கவிதையை மற்றவர்கள் கைதட்டுவதற்கு முன் உருட்டிப் பார்க்கட்டும். தலை தள்ளாடுகிறதா, நின்று சுழல்கிறதா என்று சொல்லட்டும். சொல்பவர் மேல் கோபம் கொள்ளாத பழக்கம் வளரட்டும். அடுத்த தொகுப்பு இதைவிட மெலிந்திருந்தாலும் பழுதில்லை.

ஏனெனில் நூல் கடைசியில் போய்ச் சேரும் இடம் இந்த மேடை அன்று. விழா முடிந்ததும் அது வெளியே போகிறது. பெயர் அறியாத ஒருவர் கைக்கு வருகிறது. அவர் ஆசிரியரின் ஊரைக் கேட்பதில்லை; எத்தனை ஞாயிறுகள் செலவாயின என்றும் கேட்பதில்லை. பெரிய மார்க்கெட்டின் அந்த மூதாட்டியைப்போல், உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஒருமுறை உருட்டிப் பார்க்கிறார். நன்று எனில் முடிந்து வைத்த பணத்தை அவிழ்க்கிறார். இல்லையேல் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததை எடுக்கிறார்.